கை தூக்க முடியாத கோட்டு, மழையில் கரைந்த சிவப்பு: பதினொரு நாடக உடைகள் தைத்த ஒரு வீட்டுத் தையல்காரரின் அனுபவம்

இது கடலூர் மஞ்சக்குப்பத்தில் 2024 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடந்தது. தைத்தவர் என் தோழி. வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதைத் தாண்டியவர். பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு, தன் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். தேதி, அளவு, மணிக்கணக்கு எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. கடைசிப் பத்து நாட்கள் நானும் உடனிருந்தேன். தவறுகளில் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு, அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

அவர் முறையாகத் தையல் படித்தவர் அல்லர். அம்மாவின் கால் மிஷினில் பழகி, ரவிக்கை, பாவாடை, தன் சுடிதார் என்று வளர்ந்தவர். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய், கழிவுத் துணி கட்டுக்கட்டாக வாங்கி வருவது அவருக்குச் சினிமாவுக்குப் போவது போல.

முந்தைய ஆண்டு மார்கழிக்கு அப்பாவுக்கு மப்ளர் பின்னக் கிளம்பினார். பார்த்துப் பின்னிய குறிப்பில் நான்கு அங்குலத்துக்கு 26 கண்ணி என்று இருந்தது. அதை நம்பி 60 கண்ணி ஏற்றினார். இவர் கை தளர்வு, நான்கு அங்குலத்துக்கு 17 கண்ணிதான் விழுந்தது. ஒன்பது அங்குல அகலத்தில் வரவேண்டிய மப்ளர் பதினான்கில் வந்து நின்றது. அப்பா அதைத் தலையிலிருந்து தோள் வரை போர்த்திக்கொண்டு, "சால்வைன்னு நெனச்சுக்கிறேம்மா" என்றார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி அளந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அன்று எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

அந்த அப்பாவைப் பற்றி ஒரு வரி. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று புதுச்சேரியில் ஒரு காலத்தில் சங்கு ஊதிக்கொண்டிருந்த மூன்று மில்களில் ஒன்றில், சாயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இது பின்னால் தேவைப்படும்.

ஒப்புக்கொண்ட வேலை

டிசம்பர் 11 பாரதியார் பிறந்தநாள். தெருக்காரர்கள் சேர்ந்து குழந்தைகளை வைத்து அரைமணி நேர நாடகம் போடுவதாக முடிவானது. கதை நமக்கு உரியதுதான். 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதி பத்தாண்டுகள் அங்கே இருந்ததும், பிரிட்டிஷ் ரகசியப் போலீஸ் அவரைச் சுற்றிச் சுற்றி வந்ததும், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி இதே கடலூரில் சிறையில் இருந்ததும்.

நவம்பர் 16, சனிக்கிழமை மாலை, "அக்கா, நீங்கதான் நல்லா தைப்பீங்களே" என்று கேட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுத்துப் பேச நம்மில் யாருக்குத்தான் வாய் வரும்? பதினொரு குழந்தைகள். பாரதி ஒருவர், ரகசியப் போலீஸ் இருவர்: மூன்று பேருக்கும் கறுப்புக் கோட்டு. பிரெஞ்சுப் பகுதிப் போலீஸ் நால்வர்: வெள்ளைச் சட்டை, சிவப்பு இடுப்புப் பட்டை, புதுச்சேரிக் காவலர்கள் இன்றும் அணிகிற சிவப்புக் கெப்பித் தொப்பி. செல்லம்மாவுக்கு அம்மாவின் நூல் புடவை. ஊர்க்காரர்கள் மூவருக்கு வீட்டிலிருக்கும் வேட்டி, துண்டு. நூறாண்டுக்கு முந்தைய போலீஸ் உடை சரியாக எப்படி இருந்தது என்று யாரும் ஆராயவில்லை. பார்த்ததும் "இது பாண்டிச்சேரிப் போலீஸ்" என்று தெரிந்தால் போதும் என்பது முடிவு. நாடகத்துக்கு அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அன்றிரவு நோட்டில் எழுதிய கணக்கு: கோட்டுக்கு நான்கு மணி நேரம் வீதம் 12, சட்டைக்கு இரண்டரை வீதம் 10, தொப்பிகளுக்கு 4, மற்றவற்றுக்கு 4. மொத்தம் 30 மணி நேரம். கையில் 24 நாட்கள். வேலை நாளில் ஒன்றரை மணி, ஞாயிறுகளில் ஐந்து மணி என்று பார்த்தால் 50 மணி நேரம் இருக்கிறது. தாராளம் என்று கீழே கோடு போட்டிருக்கிறார்.

கடைசியில் ஆனது 53 மணி நேரம். அவர் தன் வேகத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. வெட்டி மிஷினில் ஓட்டுவதை மட்டும் கணக்கில் வைத்தார். அளவெடுக்கக் குழந்தையைத் தேடிப் பிடிப்பது, பிரிப்பது, காஜா எடுப்பது, இஸ்திரி போடுவது எதுவும் அந்த 30-இல் இல்லை.

துணியும் அளவும்

கோட்டுக்குச் சூட்டிங் துணி எடுக்கலாமா, பருத்தி பாப்ளின் எடுக்கலாமா என்று யோசித்து பாப்ளினை எடுத்தார். சூட்டிங் விறைப்பாக நிற்கும், ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மேடை விளக்கின் கீழ் பத்து வயதுப் பையன் அதற்குள் வெந்துவிடுவான். கறுப்பும் வெள்ளையும் முதல் வாரமே வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சி போக அலசிக் காயவைத்தார். கறுப்புத் துணி மீட்டருக்கு நான்கு செண்டிமீட்டர் சுருங்கியது. தைத்த பின் சுருங்கியிருந்தால் கை மணிக்கட்டுக்கு மேலே போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் அவர் கவனம் பிசகவில்லை.

சிவப்புத் துணி அப்போது சரியான நிறத்தில் கிடைக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டார்.

அளவு எடுத்ததில் ஒரு குறிப்பு. பெற்றோர் வயதைச் சொல்லி, "பத்து வயசு சைஸ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அவர் அதை ஏற்காமல் ஒவ்வொரு குழந்தையையும் வரச்சொல்லி டேப் வைத்தார். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பையன்களுக்கு மார்புச் சுற்றளவில் ஐந்து அங்குல வித்தியாசம்.

முதல் கோட்டு

இங்கேதான் முதல் சறுக்கல். கோட்டுக்கு வடிவம் வேண்டுமே என்று, அண்ணன் மகனின் பழைய சட்டை ஒன்றைப் பிரித்துக் காகிதத்தில் வரைந்தார். கோட்டு உள்ளே ஜிப்பாவின் மேல் வருவதால் மார்பில் இரண்டு அங்குலம் கூட்டினார். அது சரி. கைக்குழியையும் ஓர் அங்குலம் கீழே இறக்கினார். தாராளமாக இருந்தால் கை நன்றாக ஆடும் என்பது அவர் எண்ணம். காடாத் துணியில் ஒரு மாதிரி வெட்டிப் பார்க்கலாமே என்ற நினைப்பு வந்திருக்கிறது. நோட்டில் "காடா 2 மீ" என்று எழுதி அடித்திருக்கிறார். காரணம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஒண்ணு போயிடுமேன்னு பார்த்தேன்" என்றார்.

நவம்பர் 24 அன்று, காலர் வரை முடித்த கோட்டைப் பாரதிப் பையனுக்குப் போட்டுப் பார்த்தார். நின்றால் அழகாகத்தான் இருந்தது. பிறகு வசனம் சொல்லிப் பார்த்தான். பாரதி வேடம் போட்ட எந்தக் குழந்தை கையைத் தூக்காமல் பாடும்? வலது கையைத் தூக்கினான். கோட்டு முழுவதும் கூடவே எழும்பி, அடிப்பகுதி இடுப்புக்கு வந்தது. காலர் காதைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினான், முதுகுத் தோள்பட்டைத் தையல் பட்டென்று விட்டது.

கைக்குழி கீழே இறங்க இறங்கக் கை தூக்குவது கடினமாகும். முதலில் கேட்கும்போது தலைகீழாகத்தான் தெரியும். குழி அக்குளை ஒட்டி மேலே இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் நகரும், உடல் துணி அப்படியே இருக்கும். குழி கீழே இருந்தால் கையும் உடலும் இடுப்பருகே ஒன்றாகக் கட்டப்பட்டது போல் ஆகிவிடுகிறது. கையைத் தூக்கினால் கோட்டையே தூக்க வேண்டும்.

வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. மூன்று வழிகள் இருந்தன. புதிதாக வெட்டுவது: அளந்து வாங்கிய கறுப்பில் மூன்றாவது கோட்டுக்குத் துணி போதாமல் போகும். பையனைக் கை தூக்காதே என்று சொல்வது: இயக்குநராக இருந்த ஆசிரியை இதற்குத் தயாராக இருந்தார், பையனின் முகம் தயாராக இல்லை. மூன்றாவது வழி எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னது. அவர் அந்தக் காலத்து ஜிப்பா ஒன்றை எடுத்து வந்து கக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. "இது எதுக்கும்மா வெச்சிருக்கான்? கையைத் தூக்கத்தான்."

கக்கத்துத் தையலை இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் பிரித்து, மிச்சக் கறுப்பில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டி, குறுக்கிழையில் வருமாறு சாய்த்து வைத்துத் தைத்தார். முனைகள் நான்கும் கிழியாமல் இருக்க அடியில் சின்ன நாடா. முதல் துண்டுக்கு இரண்டு மணி நேரம், இரண்டாவதுக்கு நாற்பது நிமிடம். கை தலைக்கு மேலே போனது, கோட்டின் அடிப்பகுதி இரண்டு விரல்கடைதான் எழும்பியது. அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் 11 மணி நேரம். மற்ற இரண்டையும் கைக்குழியை மேலே ஏற்றி வெட்டியதால் துண்டு தேவைப்படவில்லை, ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்தில் முடிந்தது.

புயல்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் மணிக்கணக்கில் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, கடலூரின் கரையோரப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. இவர் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, மின்சாரம்தான் இரண்டரை நாள் இல்லை.

நாடகம் நடக்குமா என்றே தெரியாத நிலை. பக்கத்தில் இத்தனை பேர் வீடிழந்து நிற்கும்போது தைத்துக்கொண்டிருப்பது சரியா என்று அவருக்கு ஓர் உறுத்தல். இரண்டு நாள் மிஷினைத் தொடவில்லை, சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் இடத்தில் இருந்தார். டிசம்பர் 3 அன்று தெருக் கூட்டத்தில், ஒரு வாரமாக வீட்டில் அடைந்து கிடக்கும் குழந்தைகளுக்காக நாடகத்தை நடத்தலாம், அன்றைக்கு உண்டியல் வைத்து நிவாரணத்துக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது.

மின்சாரம் வரும்வரை மோட்டாரைக் கழற்றிவிட்டு, அம்மா காலத்துப் பெல்ட்டை மாட்டி மிதித்தார். ஈரக்காற்றில் தோல் பெல்ட் இளகி வழுக்கும். கொக்கியைக் கழற்றி அரை அங்குலம் வெட்டி மறுபடி கோத்த பிறகுதான் பிடித்தது. மெழுகுவர்த்தியில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடுவதைப் பற்றி அவர் நோட்டில் எழுதியிருப்பதை இங்கே எழுத முடியாது.

சட்டைகளில் சொல்ல ஒன்றுமில்லை. நான்கும் கணக்கை விட ஒரு மணி நேரம் வீதம் கூடுதலாக எடுத்தன, நன்றாக வந்தன.

கெப்பித் தொப்பியில் இரண்டு திருத்தம். தலைச் சுற்றளவு 21 அங்குலம், 3.14-ஆல் வகுத்து 6¾ அங்குலத்தில் மேல்வட்டம் என்று சரியாகத்தான் போட்டார். ஆனால் உள்ளே வைத்த பக்ரம் என்ற விறைப்புத் துணியும் மடிப்பும் இடத்தைத் தின்றதால், முதல் தொப்பி 20 அங்குலத் தலைக்குத்தான் நுழைந்தது. நல்ல வேளையாக அந்தத் தலையும் குழுவில் ஒன்று இருந்தது. முன்விளிம்புக்குத் தினசரிக் காலண்டர் அட்டையை வெட்டி வைத்திருந்தார், புயல் ஈரத்தில் அது அப்பளம் ஊறியது போல் தொங்கிவிட்டது. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டைக்கு மாறினார்.

சிவப்பு

சிவப்புத் துணி கிடைத்தது புயலுக்கு முந்தின நாள். பருத்திதான், நல்ல ரத்தச் சிவப்பு, விலையும் குறைவு. மற்ற துணிகளைப் போல் இதையும் முழுதாக நனைத்து அலசியிருக்க வேண்டும். டிசம்பர் 4 அன்று அதைப் பற்றிப் பேசினோம். வானம் மூடிக்கிடக்கிறது, வீடெங்கும் காயாத துணி தொங்குகிறது, நனைத்தால் மூன்று நாளாகும், காயாததை வெட்டவும் முடியாது. அதனால் ஒரு துண்டு மட்டும் வெட்டி, கல்லுப்புப் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தார். தண்ணீர் லேசாக ரோஸ் நிறமானது, அவ்வளவுதான். "சாயம் நிக்குது, பயமில்ல" என்று சொன்னது நான்தான்.

தொப்பிக்கு உள்ளே நெற்றி படும் இடத்தில் வெள்ளைத் துணிப் பட்டை வைப்பதாகத் திட்டம் இருந்தது. நேரம் இல்லாததால் 9-ஆம் தேதி அதையும் கைவிட்டார்.

நாடக நாள்

டிசம்பர் 11 மாலை. சாமியானாவுக்கு மேல் தூறல். மூன்று இடத்தில் ஒழுகியது, குழந்தைகள் சரியாக அந்த மூன்று இடத்திலும் போய் நின்றார்கள்.

கோட்டுகள் நின்றன. பாரதி நான்கு முறை கை தூக்கினான், ஒரு தையலும் விடவில்லை. போலீஸ்காரர்கள் மூன்றாவது காட்சியில் வந்தபோது இடுப்புப் பட்டைக்குக் கீழே வெள்ளைச் சட்டையில் ரோஸ் நிறத்தில் கோடுகள் இறங்கியிருந்தன. கைதுக் காட்சி முடிந்து ஒரு பையன் தொப்பியைக் கழற்றினான். நெற்றி முழுக்கச் சிவப்பு வழிந்தது. முன்வரிசையிலிருந்து அவன் அம்மா "ஐயோ, புள்ளைக்கு ரத்தம்" என்று எழுந்து ஓடிவந்தார். நாடகம் இரண்டு நிமிடம் நின்றது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டதும் போய்விட்டது. தோலில் அரிப்போ தடிப்போ இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடம் என் தோழியின் முகத்தை நான் பார்த்தேன்.

அன்றிரவு அவர் அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "உப்புத் தண்ணியிலயா நனைச்ச?" பிறகு விளக்கினார். மலிவான பருத்திச் சிவப்பில் பெரும்பாலும் நேர்ச்சாயம் போட்டிருக்கும். அது நூலோடு இறுகப் பிணைவதில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சாயத் தொட்டியில் உப்புப் போடுவதே சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளத்தான். ஆகவே உப்புத் தண்ணீரில் வைத்தால் சாயம் வெளியே வராது, நூலிலேயே இருக்கும். வெறும் தண்ணீர் பட்டதும் இறங்கிவிடும். அதாவது நாங்கள் செய்த சோதனை, சாயம் போகும் துணியையும் நல்ல துணி என்று காட்டக்கூடிய சோதனை. மழையில் உப்பு கிடையாது.

"மில்லுல நாங்க வெள்ளைத் துணிய ஈரமாக்கி அழுத்தித் தேய்ப்போம். வெள்ளையில ஏறுதான்னு பார்ப்போம், அவ்வளவுதான்" என்றார். ஒரு மாதமாக அதே கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரு கேட்டீங்க?" என்றார்.

அதன் பிறகு

சட்டைகளைக் குழந்தைகளுக்கே கொடுப்பதாக முதலிலேயே பேச்சு. கறையோடு எப்படிக் கொடுப்பது என்று இவருக்குத் தயக்கம். அப்பா சொன்னபடி நான்கு வீட்டுக்கும் அன்றிரவே தகவல் அனுப்பினார்: காயவிட வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் தனியாக ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். மூன்று வீட்டில் அப்படியே செய்தார்கள். இரண்டு சட்டை பளிச்சென்று வந்தது, மூன்றாவதில் உற்றுப் பார்த்தால் தெரியும் சாயல். நான்காவது வீட்டில் தகவலைப் பார்ப்பதற்கு முன்பே, ஈரம் போகட்டும் என்று இஸ்திரி போட்டுவிட்டார்கள். அந்தக் கறை சூட்டில் அப்படியே பிடித்துக்கொண்டது, இன்றுவரை போகவில்லை.

செலவு ₹3,140. தெருவிலிருந்து ₹2,000 கொடுத்தார்கள், மீதியை அவர் கேட்கவில்லை. கூலி என்ற பேச்சு எந்தப் பக்கமும் எழவில்லை. பொங்கலுக்குள் மூன்று பேர், "பர்த்டேக்கு ஃப்ராக் தைச்சுக் குடுங்கக்கா, எவ்ளோ வேணாலும் தரோம்" என்று வந்தார்கள். மூன்று பேருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். காசு வாங்கினால் தேதி வந்துவிடும், தேதி வந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும் என்பது அவர் காரணம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இலவசமாகத் தைத்தபோதும் தேதி வரத்தானே செய்தது?

மாற்றிக்கொண்டவை

இப்போது எந்தத் துணி வீட்டுக்கு வந்தாலும் கைக்குட்டையின் ஈரமான மூலையால் தேய்த்துப் பார்க்கிறார், அந்த மூலையையும் துணித் துண்டையும் நோட்டில் ஊக்கு குத்தி வைக்கிறார். கழுத்தும் கையும் உள்ள எதற்கும் காடாவில் ஒரு மாதிரி வெட்டி, கையால் நீளமாக ஓட்டுத் தையல் போட்டு, போடுபவரைக் குனிந்து நிமிரச் சொல்லிப் பார்க்கிறார். மணிக்கணக்கில் தைக்கும் நேரத்தை இரண்டால் பெருக்கி எழுதுகிறார். மழைக்காலத்தில் பிறருக்காக எதையும் ஒப்புக்கொள்வதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தார், அது மட்டும் நிற்கவில்லை.

மப்ளரை முழுதாகப் பிரித்து, 38 கண்ணி ஏற்றி மறுபடி பின்னினார். அகலம் ஒன்பது அங்குலம் வந்தது. நூல் மிஞ்சியது. அப்பா பழைய அகலமே தேவலை என்கிறார்.

அடுத்த ஆண்டும் நாடகம் என்று வந்து கேட்டார்கள். பாரதியாக வேறொரு பையன், முந்தையவனை விட உயரம். பீரோவிலிருந்து அதே கோட்டை எடுத்தார். அடிப்பகுதியிலும் கையிலும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து விட்டிருந்ததால் பிரித்து இறக்க இடம் இருந்தது. பிரித்து, ஊக்கு மட்டும் குத்தி, பையனுக்குப் போட்டார். அவன் கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றுகொண்டு, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி, கழட்டட்டுமா?" என்றான்.

"இருடா" என்றார். "கையைத் தூக்கு."